கூட்டமும் ஒரு வாத்தியம்

இசைத்தட்டுகளில் இரண்டு வகை உண்டு. பதிவுக் கூடத்தின் கதவை அடைத்துக்கொண்டு, பிடிக்காத இடத்தை அழித்து, மீண்டும் பாடி, வேண்டிய மட்டும் திருத்திச் செய்வது ஒரு வகை. மக்கள் முன்னிலையில் மேடையில் நடக்கும் கச்சேரியை, அது நடக்கும்போதே பிடித்து வைப்பது மற்றொரு வகை. பின்னதை ஆங்கிலத்தில் லைவ் ஆல்பம் என்பர். நாம் மேடைப் பதிவு என்று பெயரிட்டுக் கொள்வோம். இக்கட்டுரை அத்தகைய பதிவு ஒன்றைப் பற்றியது. இங்கிலாந்தின் மூத்த ராக் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் 2009ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘ஃப்ளைட் 666’ என்பதே அது.

மேல்நாட்டு முரட்டு இசைக்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் பேராசிரியர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இந்தத் தட்டின் முதற்பாடல் பதிவானது லண்டனிலோ நியூயார்க்கிலோ அன்று; நம் மும்பையில். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், பாந்த்ரா-குர்லா வளாகத் திடலில் திரண்ட நம் நாட்டு இளைஞர்களின் குரல், உலகெங்கும் விற்பனையான ஓர் இசைத்தட்டின் வாசலில் நிற்கிறது. அந்தக் குரல் எதைக் கண்டு எழுந்தது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் இந்த இசையைப் பற்றிச் சில சொற்கள். ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் என்று இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டிற்கும் இடையே வேலி போடுவது கடினம். மின்சாரக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கி தாங்கும் அளவிற்கு மேல் தள்ளினால், ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும். அவ்வாறு வெட்டுப்படும்போது, வாசித்த சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் பலவும் கூடிக் கரகரவென்று ஒலிக்கும். இதைக் குறை என்று கருதாமல் அழகு என்று எடுத்துக்கொண்டதே இவ்விசையின் தொடக்கம். நமக்கு இது புதிதன்று. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ‘ஜீவா’ என்று ஒரு நூலிழையைச் செருகுகிறார்களே, எதற்காக? அந்த ரீங்காரத்திற்காகத்தான். நூலை எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாக ஒலிக்கும். ஆனால் உயிர் போய்விடும். கிட்டாரின் கரகரப்பும் அந்தச் சாதியைச் சேர்ந்ததே, கொஞ்சம் அண்டை வீட்டாரை எழுப்பிவிடும், அவ்வளவுதான்.

அயர்ன் மெய்டன் குழுவை 1975ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கு லண்டனில் தொடங்கியவர் ஸ்டீவ் ஹாரிஸ். பாஸ் கிட்டார் வாசிப்பவர். முதல் இசைத்தட்டு 1980இல் வந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1981இல் சேர்ந்தார், 1993இல் விலகினார், 1999இல் திரும்பினார். அவரோடு கிட்டார்க் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பவே, அன்று முதல் மேடையில் மூன்று கிட்டார்கள். இந்தியாவிற்கு அவர்கள் முதலில் வந்தது 2007 மார்ச் 17இல், பெங்களூர் அரண்மனைத் திடலுக்கு. நம் காவலூரிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தொலைவு.

மறு ஆண்டு ஒரு புதுமை செய்தார்கள். டிக்கின்சன் பாடகர் மட்டுமல்லர், பயணிகள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற விமானி. ஒரு போயிங் 757 விமானத்தை வாடகைக்கு எடுத்து, பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அங்கே மேடைச் சாமான்களை ஏற்றி, பாடகரே விமானிகளுள் ஒருவராக அமர்ந்து ஓட்ட, குழுவினரும் தொழிலாளர்களும் ஒன்றாகக் கிளம்பினர். பிப்ரவரி 1இல் மும்பையில் தொடங்கி மார்ச் 16இல் கனடாவின் டொரான்டோவில் முடிந்த அந்தச் சுற்றில், 45 நாட்களில் 23 கச்சேரிகள். சாம் டன், ஸ்காட் மக்ஃபேடியன் என்னும் இருவர் கூடவே பறந்து படமெடுத்தனர். படத்தின் பெயரே இசைத்தட்டின் பெயரும் ஆயிற்று. 666 என்பது கிறித்தவ மறையின் இறுதி நூலில் வரும் எண்; இக்குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றும் அவ்வெண்ணைப் பற்றியது. மற்றபடி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

தட்டில் அடங்காத பாட்டு

மேடைப் பதிவு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, பழைய கிராமபோன் தட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடமே பிடிக்கும். தோடியை மணிக்கணக்கில் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, தட்டுக்காக அதே தோடியைச் சில நிமிடங்களில் அடக்க வேண்டியிருந்தது. அதுவும் அழகுதான், ஆயினும் கடலைச் செம்பில் காட்டிய கதை. நீள்தட்டு வந்த பின்னர்ப் பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் கிடைத்தது. அப்போதுதான் மேடையில் விரியும் இசையை ஓரளவு முழுதாகக் கொடுக்க வழி பிறந்தது.

இத்துறையில் முன்மாதிரியாகப் பலரும் சுட்டுவது டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்ட் 15, 16 நாட்களில் ஒசாகாவிலும், 17இல் டோக்கியோவிலும் பதிவானது. இதில் வேடிக்கை என்னவென்றால், குழுவினருக்கு அந்தப் பதிவில் பெரிய ஆர்வமில்லை. ஜப்பானிய நிறுவனத்தார் தங்கள் நாட்டில் விற்பதற்காகக் கேட்டார்கள், இவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எட்டுத் தடங்கள் கொண்ட நாடாவில் மார்ட்டின் பர்ச் என்ற ஒலிப்பதிவாளர் பிடித்தார். பதிவுக் கூடத்தில் நாலரை நிமிடம் ஓடிய ‘ஸ்பேஸ் டிரக்கின்’ என்னும் பாட்டு, மேடையில் ஏறத்தாழ இருபது நிமிடமாகி, நீள்தட்டின் ஒரு பக்கத்தையே எடுத்துக்கொண்டது. பின்னால் எதுவும் ஒட்டாமல், மேடையில் வாசித்ததையே கொடுத்தனர். அரைமனதாகச் செய்த வேலை அவர்கள் பெயரை நிலைநிறுத்தியது.

பதிவு செய்யும் முறை சொல்வதற்கு எளியது. பாடகரின் முன்னும் ஒவ்வொரு வாத்தியத்தின் முன்னும் ஒலிவாங்கிகள் இருக்கும். அவற்றிலிருந்து வரும் கம்பி இரண்டாகப் பிரியும். ஒன்று திடலிலுள்ள ஒலிபெருக்கிக்குச் செல்லும். மற்றது பதிவுக் கருவிக்குச் செல்லும். பாட்டு ஒரு தடம், முரசு சில தடங்கள், கிட்டார் ஒவ்வொன்றும் ஒரு தடம் என்று தனித்தனியே பதிவாவதால், பிறகு அமர்ந்து ஏற்ற இறக்கம் செய்து கலந்துகொள்ளலாம். ஆனால் இவை மட்டும் இருந்தால் கேட்பதற்குப் பாழடைந்த மண்டபத்தில் பாடுவது போலிருக்கும். ஆகவே கூட்டத்தை நோக்கித் தனி ஒலிவாங்கிகளை வைப்பார்கள். அங்கேதான் தொல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவன் அரை நொடி கழித்துத்தான் கேட்பான். அவன் தட்டும் கை மேடைக்குத் திரும்பி வர மற்றோர் அரை நொடி. கூட்டம் தாளம் தப்புவதாக மேடையில் இருப்பவருக்குத் தோன்றும். உண்மையில் கூட்டம் தப்பவில்லை, தொலைவு தப்புகிறது. இந்தப் பிசிறை எவ்வளவு வைப்பது, எவ்வளவு நீக்குவது என்பதில்தான் ஒலிப்பதிவாளரின் நாணயம் வெளிப்படும்.

நாணயம் என்று சொன்னது காரணத்தோடுதான். மேடைப் பதிவு என்று விற்கப்பட்டவற்றுள் கூடத்தில் ஒட்டுப்போட்டவை பல. அமெரிக்காவின் கிஸ் குழு 1975இல் வெளியிட்ட ‘அலைவ்’ தட்டு பின்னால் வெகுவாகத் திருத்தப்பட்டது என்பது இன்று மறைவான செய்தியன்று. அயர்லாந்தின் தின் லிஸ்ஸி குழுவின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. முக்கால் பங்கு கூடத்தில் செய்தது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்ல, குழுவினர் அதை மறுத்தனர். கேட்பதற்கு நன்றாக இருந்தால் போதாதா என்பார் உண்டு. போதாது என்பது என் கருத்து. திருத்துவது குற்றமன்று, திருத்தியதை நிகழ்ந்தது என்று சொல்வதுதான் குற்றம்.

விஞ்ஞான மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு நம் மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. காவலூரிலிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பதிவு செய்தார்கள். கோள் மறைக்கும் நேரத்தில் அன்றி வேறு நேரத்தில் விண்மீனின் ஒளி கொஞ்சம் குறைந்து மீண்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்ற உண்மை அன்று பல இடங்களில் எடுத்த இத்தகைய பதிவுகளிலிருந்தே வெளிவந்தது. அந்த மங்கலை யாராவது ‘கருவிக் கோளாறு’ என்று கருதி அழகாக நிரவி விட்டிருந்தால்? இசைப் பதிவிலும் அப்படித்தான். பிசிறு என்று நாம் நினைப்பதில் செய்தி இருக்கக் கூடும்.

‘ஃப்ளைட் 666’ இந்த உரைகல்லில் எப்படி நிற்கிறது? ஒரு குறை உடனே தெரிகிறது. இதிலுள்ள 16 பாடல்களும் 16 ஊர்களில் பதிவானவை. மும்பைக்கு அடுத்து மெல்போர்ன், சிட்னி, டோக்கியோ என்று போய் டொரான்டோவில் முடிகிறது. ஆகவே இது ஒரு கச்சேரி அன்று. இப்படி ஓர் இரவு எங்கும் நடந்ததில்லை. பாட்டுக்குப் பாட்டு ஊர் மாறுவதால், ஒரே கூட்டம் மெல்ல மெல்லச் சூடேறி வருவதை நாம் கேட்க முடிவதில்லை. ஆனால் வேறொன்று கிடைக்கிறது. ஊருக்கு ஊர் கூட்டம் மாறுகிறது. தென்னமெரிக்காவில் மக்கள் சொற்களை மட்டுமன்றிக் கிட்டாரின் மெட்டையும் சேர்த்துப் பாடுகிறார்கள். புயனோஸ் ஐரிஸ் பதிவில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். ஆங்கில இலக்கிய மாணவர்கள் நியூஜெர்சிப் பதிவைத் தவறவிட வேண்டா. கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதிய மாலுமியின் கவிதையைத் தழுவிய 13 நிமிடப் பாடல் அது. தேர்வுக்கு உதவுமா என்று கேட்டால் உறுதி கூற இயலாது.

ஒரே பாட்டு, இரண்டு ஊர்

இனி மும்பைக்கு வருவோம். அங்கே பதிவான பாடலின் பெயர் ‘ஏசஸ் ஹை’. 1984ஆம் ஆண்டு ‘பவர்ஸ்லேவ்’ தட்டில் முதலில் வந்தது. 1940இல் ஜெர்மானிய விமானப் படையை எதிர்த்து இங்கிலாந்தின் வானில் போரிட்ட விமானிகளைப் பற்றியது. இதே பாடல் இக்குழுவின் புகழ்பெற்ற முதல் முழுநீள மேடைப் பதிவான ‘லைவ் ஆஃப்டர் டெத்’ தட்டிலும் முதற்பாடலாக உள்ளது. 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. பதிந்தவர் முன்சொன்ன அதே மார்ட்டின் பர்ச். ஆகவே ஒப்பிட்டுக் கேட்க நல்ல வாய்ப்பு. லாங் பீச்சில் பாடுபவருக்கு வயது 26, மும்பையில் 49. பாட்டு மிக உயர்ந்த சுருதியில் ஏறுவது. இளம்வயதில் குரல் தானாகவே மேலே போய் நிற்கிறது. மும்பையில் ஏறிப் போகிறது. அந்த ஏற்றத்தின் முயற்சி காதில் விழுகிறது. அதை மறைக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வயதான நாதசுரக்காரர் மூச்சை எங்கே வாங்குகிறார் என்று கவனிப்பதில் ஒரு சுகம் உண்டல்லவா?

பாட்டுக்கு முன் இரண்டு ஊரிலும் ஒலிபெருக்கியில் ஒரு பேச்சு வருகிறது. பேசுபவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1940 ஜூன் 4இல் பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய, கடற்கரையிலும் போரிடுவோம் என்ற புகழ்பெற்ற உரை. இங்கே ஒரு செய்தி. அந்த நாளில் பாராளுமன்றப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்யும் வழக்கமில்லை. நாம் இன்று கேட்கும் குரல், 1949இல் சர்ச்சில் ஓய்வாக அமர்ந்து மறுபடியும் வாசித்துப் பதிந்தது. மேடைப் பதிவின் வாசலிலேயே மேடைப் பதிவல்லாத ஒன்று!

லாங் பீச் மக்களுக்கு அந்தக் குரல் நேச நாட்டுத் தலைவரின் குரல். மும்பைக்கு அவர் யார்? அதே நகரின் கோவாலியா குளத் திடலில்தான் 1942 ஆகஸ்ட் 8இல் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்களைச் சிறைப்படுத்தியது சர்ச்சில் அமைச்சரவையின் ஆட்சி. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மடிந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள். தானியம் கேட்டு வந்த வேண்டுகோள்களுக்கு அந்த அரசு போதிய செவி சாய்க்கவில்லை என்று வரலாற்றாசிரியர் பலர் குற்றம் சாட்டுகின்றனர். மறுபுறம், அதே போரில் ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர். நம் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்தும் பலர் போனார்கள். ஆக, அந்தக் குரலோடு நமக்குள்ள கணக்கு எளிதானதன்று. அப்படியிருக்க, மும்பைத் திடலில் அந்தக் குரல் எழுந்ததும் கூட்டம் என்ன செய்கிறது? ஆரவாரம் செய்கிறது. தட்டில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

முதல் முறை கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வரலாறு தெரியாத கூட்டம் என்று சொல்லிவிடுவது எளிது. என்னோடு கேட்ட நண்பர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். பலமுறை கேட்ட பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. போளூர், செங்கம் பக்கத்தில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கொடுக்கிறான். கிரீடத்தின் நுனி மேலே தெரிகிறது, சலங்கை ஒலிக்கிறது. உட்கார்ந்திருக்கும் கூட்டம் முழுவதும் நிமிர்ந்து சீழ்க்கை அடிக்கிறது. துரியோதனன் பக்கம் சேர்ந்துவிட்டதாலா? இல்லை. கூத்துச் சூடுபிடிக்கப் போகிறது என்பதால். பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி நிற்பதும் அதே மக்கள்தான். மும்பைக் கூட்டத்திற்கும் அந்தப் பேச்சு திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரல். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒலிநாடாவில் மட்டும் கேட்ட பாட்டு, இன்னும் அரை நிமிடத்தில் கண்முன் வெடிக்கப் போகிறது என்ற அறிவிப்பு. அவர்கள் வரவேற்றது சர்ச்சிலை அன்று, அடுத்து வரப்போகும் கிட்டாரை.

இவ்விளக்கத்தால் என் சங்கடம் முழுதும் தீர்ந்துவிடவில்லை. துரியோதனனைக் கூத்தின் முடிவில் வீழ்த்துகிறோம். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு மேடையில் எதுவும் வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எழுந்ததே கூட்டத்தின் ஒலி தட்டில் இருந்ததால் அல்லவா? கூடத்தில் செய்த 1984ஆம் ஆண்டுப் பதிவை நூறு முறை கேட்டாலும் இது தோன்றாது. அங்கே பாட்டு இருக்கிறது, ஊர் இல்லை.

இதைப் படிக்கும்போது நம் கூத்தின் பதிவுகளும் நினைவுக்கு வராமலிருக்காது. கூத்துப் பாட்டுகளைக் கூடத்தில் பாடிப் பதிந்த நாடாக்களும் குறுந்தகடுகளும் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். முகவீணை சுத்தமாகக் கேட்கிறது. சொல் ஒவ்வொன்றும் புரிகிறது. ஆனால் கட்டியக்காரன் கேலி செய்தால் சிரிக்க ஆளில்லை. அவன் ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சாடையாக இழுக்க, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் கொடுக்க, அதற்கு அவன் அங்கேயே கட்டும் மறுபதில் எந்த நூலிலும் இராது. விடியற்காலை மூன்று மணிக்குப் பின்பாட்டுக்காரரின் குரல் கம்மிப் போயிருக்கும். அதைக் கேட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவர் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பார். இவையெல்லாம் கூடத்துப் பதிவில் ‘சத்தம்’ என்ற தலைப்பில் கழிக்கப்பட்டவை. நம் மலையிலும் அடிவாரத்திலும் கூத்தும் மேளமும் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே, ஊரோடு சேர்த்துப் பதிவது நம் போன்ற மாணவர்கள் கையில் இருக்கிற வேலை.

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. இரண்டு கைப்பேசிகள் போதும். ஒன்றை ஆர்மோனியத்திற்கும் மிருதங்கத்திற்கும் நடுவே, பாடுபவர் பக்கம் திருப்பி, துணியைச் சுற்றி வைக்க வேண்டும், காற்று அடிக்காது. மற்றதை ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே வைக்காமல், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நடுவில், ஒரு கம்பில் தலை உயரத்தில் கட்ட வேண்டும். தொடங்கும்போது ஒரு முறை பலமாகக் கை தட்டினால், அந்த ஒலியை அடையாளமாகக் கொண்டு இரண்டு பதிவுகளையும் பின்னால் ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளலாம். நடுவில் நிறுத்தக் கூடாது. குழந்தை அழுதாலும், மின்சாரம் போனாலும் ஓடட்டும். பதிவின் தலைப்பில் ஊர், நாள், ஆடியவர் பெயர், அன்று நடந்த கதை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். முன்கூட்டியே ஜமாவின் வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, ஒரு பிரதி அவருக்கும் கொடுத்துவிட வேண்டும்.